கண்டவரே கைவிட்ட உலோகம்

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பித்த இருபத்தெட்டு ஆண்டுகளில், ஒரு செய்முறையை மட்டும் நான் எந்த வருடமும் தவறவிட்டதில்லை. அமோனியம் வனடேற்று என்ற உப்பை அமிலத்தில் கரைத்தால் மஞ்சள் நிறக் கரைசல் வரும். அதற்குள் நாகத் துண்டுகளைப் போட்டுக் குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் பச்சையாகும். பச்சை நீலமாகும். நீலம் மீண்டும் வேறொரு பச்சைக்குப் போகும். பொறுமை இருந்தால் கடைசியில் ஊதா. பின்வாங்கில் தூங்குகிறவனும் எழுந்து வந்து பார்ப்பான். ஒரே உலோகம்தான், ஒட்சியேற்ற எண் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது இத்தனை உடை மாற்றுகிறது.

அந்த உலோகம் வனேடியம். அணுவெண் 23. 'சுவீடனின் செஃப்ஸ்ட்ரோம் 1830இல் கண்டுபிடித்தார். வட ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் அழகுத் தேவதை ஒருத்தியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது' என்று என் குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்திருந்ததை ஆண்டுதோறும் அப்படியே வாசித்து வந்தேன். ஓய்வு பெற்று, சாவகாசமாக வாசிக்க நேரம் கிடைத்த பிறகுதான் மற்றக் கதை தெரிய வந்தது. இதே உலோகத்தை இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் கண்டிருக்கிறார். பெயரும் வைத்திருக்கிறார். பிறகு, தான் கண்டது பிழை என்று தானே அறிவித்து விலகியும் இருக்கிறார்.

களவு போன கண்டுபிடிப்புகளைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஏழை நாட்டு அறிஞன் கண்டதை வெள்ளைக்காரன் தன் பெயரில் பதிந்துகொண்டான் என்ற வகைக் கதைகள். அவற்றைக் கேட்டால் கோபம் வரும், கோபத்தோடு கதையும் முடிந்துவிடும். இந்தக் கதை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இது பொருளுக்கு உடையவரே தெருவோரத்தில் வைத்துவிட்டுப் போன கதை. இதில் யார்மீது கோபப்படுவதென்று விளங்காமல் சில இரவுகள் எனக்குத் தூக்கம் கெட்டது. அதற்கு என் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் பெயர் அந்திரேஸ் மனுவேல் டெல் ரியோ. 1764இல் மத்ரிட் நகரில் பிறந்தவர். ஜேர்மனியின் ஃபிரைபேர்க் சுரங்கக் கல்லூரியில் வேர்னர் என்ற பேராசானிடம் கனியவியல் கற்றவர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட்டை அங்குதான் அறிந்துகொண்டார். மெக்சிக்கோ அப்போது ஸ்பானிய ஆட்சியின் கீழ் 'புதிய ஸ்பெயின்' என்ற பெயரில் இருந்தது. வெள்ளிச் சுரங்கங்களுக்கு ஆள் பயிற்றுவிப்பதற்காக அங்கே ஒரு சுரங்கக் கல்லூரியை 1792இல் திறந்திருந்தார்கள். டெல் ரியோ 1794இல் அங்கு கற்பிக்கப் போனார். கல்லூரியின் தலைவர் ஃபவுஸ்தோ டெ எலுயார். அவரும் அவருடைய சகோதரரும் 1783இல் தங்குதனை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள். ஆகவே டெல் ரியோ ஏதோ காட்டுப் பள்ளிக்கூடத்தில் தனியே கிடந்தவர் அல்லர். புதிய உலோகம் ஒன்றைக் கண்ட மனிதர் அதே கட்டடத்திலேயே இருந்தார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

1801இல் சிமாப்பான் என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்த கபில நிற ஈயத் தாது ஒன்றை அவர் ஆராய்ந்தார். ஐந்தில் நான்கு பங்கு ஈய ஒட்சைட்டு. மிகுதியில் நூற்றுக்குப் பதினைந்து வீதமளவு, தனக்குத் தெரிந்த எந்த உலோகத்துடனும் பொருந்தாத ஒன்று. அதன் உப்புகள் பல நிறம் காட்டின. எல்லா நிறமும் உடையது என்று பொருள்பட 'பன்குரோமியம்' என்று பெயர் வைத்தார். பிறகு, அந்த உப்புகள் சூடாக்கும்போதும் அமிலம் படும்போதும் அழகிய சிவப்பாக மாறுவதைக் கண்டு, சிவப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'எரித்ரோனியம்' என்று மாற்றினார். நான் வகுப்பில் காட்டிய நிறங்களின் உறவுக்காரர்களைத்தான் அந்த மனிதர் மெக்சிக்கோவில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். முதல் பெயரே நல்ல பெயர் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு சந்தேகம் வந்தது. குரோமியம் என்ற உலோகத்தை 1797இல்தான் பாரிஸில் வோக்லன் கண்டிருந்தார். அதுவும் நிறங்களின் உலோகம், பெயரே அதைச் சொல்லும். அதன் சேர்வைகள் மஞ்சளும் சிவப்பும் காட்டுவதைப் பற்றி ஃபூர்குறுவா என்ற பெரிய பிரெஞ்சு வேதியியலாளர் எழுதியதை டெல் ரியோ வாசித்தார். 'நான் கண்டதும் இதுதான் போலிருக்கிறது' என்று எண்ணினார். 1804இல் தான் வெளியிட்ட கனிய அட்டவணை மொழிபெயர்ப்பு ஒன்றில், சிமாப்பான் தாது குரோமியமும் ஈயமும் சேர்ந்த ஒன்றே என்று எழுதிவிட்டார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

இதற்கிடையே 1803இல் ஹம்போல்ட் மெக்சிக்கோவுக்கு வந்தார். பழைய நண்பர்கள் சந்தித்துக்கொண்டார்கள். டெல் ரியோ தாதுவின் மாதிரிகளை அவரிடம் கொடுத்தனுப்பினார். பாரிஸுக்கு அவர் அனுப்பிய விரிவான ஆய்வுக் குறிப்போ கடலில் கப்பலோடு போய்விட்டதாக வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மாதிரி போய்ச் சேர்ந்தது, விளக்கம் சேரவில்லை. 1805இல் கொலே-தெக்கொத்தீல் என்ற பிரெஞ்சுக்காரர் அதைச் சோதித்து, இதில் இருப்பது குரோமியமே என்று தீர்ப்பளித்தார். மெக்சிக்கோவிலும் பாரிஸிலும் ஒரே விடை. விவகாரம் மூடப்பட்டது.

இனி சுவீடன். 1830இல் ஃபலூன் நகரின் சுரங்கப் பாடசாலையைச் சேர்ந்த நில்ஸ் கபிரியேல் செஃப்ஸ்ட்ரோம், டாபேர்க் என்ற இடத்துத் தாதிலிருந்து எடுத்த இரும்பை அமிலத்தில் கரைத்தார். எஞ்சிய கறுப்புத் தூளில் ஏதோ இருந்தது. தன் ஆசான் பெர்சிலியஸின் துணையோடு அது புதிய மூலகம் என்று நிறுவினார். வனாதிஸ் என்ற தேவதையின் பெயரால் அது வனேடியம் ஆயிற்று. மறு ஆண்டே ஜேர்மனியின் வோலர், சிமாப்பான் தாதில் இருப்பதும் இதே உலோகம்தான் என்று காட்டினார். இந்தத் தாதை அவர் ஏலவே கையில் எடுத்திருந்தார். ஆனால் ஐதரசன் புளோரைட்டு ஆவியால் நோயுற்று வேலை தடைப்பட்டிருந்தது. பெர்சிலியஸ் அவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கதை சொல்லித் தேற்றினார். வனாதிஸின் வீட்டுக் கதவை யாரோ ஒரு தரம் தட்டினார்களாம். மறுபடி தட்டட்டும் என்று அவள் உள்ளே இருந்துவிட்டாளாம். தட்டியவர் திரும்பிப் போய்விட, சன்னலால் எட்டிப் பார்த்தால் அது வோலராம். பிறகு வந்த செஃப்ஸ்ட்ரோமோ கதவு திறக்கும்வரை விடாமல் தட்டினாராம்.

அழகான கதைதான். ஆனால் அதில் டெல் ரியோ இல்லை. அவர் தட்டிவிட்டுத் திரும்பியவர் அல்லர். கதவு திறந்து, உள்ளே போய், அவளைக் கண்டு, பெயர் சொல்லி அழைத்தும் இருக்கிறார். பின்னர் வெளியே வந்து, 'நான் பார்த்தது அடுத்த வீட்டுப் பெண்ணை' என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் என் கதையைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழக்கில் ஒரு பாடசாலை. ஆய்வுகூடத்துக்கு இரசாயனப் பொருட்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்ததைப் பழைய போத்தல்களில் நிரப்பி, நானே என் கையால் லேபல் எழுதி ஒட்டிவைப்பேன். அன்று சுவாலைப் பரிசோதனை. ஒவ்வொரு மாணவனுக்கும் இலக்கமிட்ட ஒவ்வொரு உப்பு. விடைகள் என் கொப்பியில். ஏழாம் இலக்கத்துக்கு நேரே 'பேரியம் குளோரைட்டு, அப்பிள் பச்சை' என்று இருந்தது. அந்த இலக்கம் கிடைத்த பையன் அதிகம் பேசாதவன். கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்தான்.

"ஸேர், பச்ச வரல்ல. சிவப்புத்தான் வருகுது."

பச்சை வரவேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பான். அதெல்லாம் வழமைதான்.

"கம்பிய அமிலத்தில கழுவல்ல மகன். பழைய உப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்."

"மூணு தரம் கழுவிட்டன் ஸேர்."

"நாலாம் தரம் கழுவுங்க."

அவன் போனான். நான் அவன் சுடரடுப்பின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பாடவேளை முடிந்து கொப்பிகளைத் திருத்தும்போது பார்த்தேன். 'சிவப்பு' என்று எழுதியதை அழிறப்பரால் அழித்து, அதன்மேல் 'பச்சை' என்று எழுதியிருந்தான். அழித்த தடம் நன்றாகத் தெரிந்தது. நான் சரி போட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அடுத்த பிரிவு மாணவர்களுக்கும் அந்தப் போத்தல் போனது. ஒரு மாணவி சிவப்பு என்றாள். அவள் வாயாடி, விடவில்லை. வேறு வழியில்லாமல் நானே கம்பியைத் தோய்த்துச் சுவாலையில் பிடித்தேன். கண்ணைப் பறிக்கும் கருஞ்சிவப்பு. ஸ்ட்ரோன்சியம். லேபலை மாற்றி ஒட்டியவன் நான்தான். புதிய லேபல் எழுதி ஒட்டினேன். அந்தப் பையனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை நெருங்குகிறது, குழப்பக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் குனிய மனம் வரவில்லை.

டெல் ரியோவின் கதையை வாசித்தபோது அந்த அழிறப்பர்த் தடம்தான் நினைவுக்கு வந்தது. தன்னைவிட அறிந்தவர் மாறாகச் சொன்னால், கண்ணால் கண்டதை விட்டுக்கொடுப்பது பணிவா? அல்லது கண்டதற்குச் சாட்சி சொல்ல மறுக்கும் குற்றமா?

நாம் பணிவைப் போற்றி வளர்ந்தவர்கள். பெரியவர் பேசும்போது வாய் திறக்காத பிள்ளையை நல்ல பிள்ளை என்போம். 'எனக்குத் தெரியாது, நான் பிழையாக இருக்கலாம்' என்று சொல்லும் அறிஞரை நாம் மதிக்கிறோம், அது நியாயமும்கூட. டெல் ரியோ கோழை அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1820இல் ஸ்பானியப் பாராளுமன்றத்துக்கு உறுப்பினராகப் போய், ஸ்பெயினின் தலைநகரிலேயே இருந்துகொண்டு மெக்சிக்கோவின் சுதந்திரத்துக்காகப் பேசியவர். சுதந்திரம் வந்ததும் பிறந்த மண்ணில் தங்காமல் மெக்சிக்கோவுக்கே திரும்பினார். 1829இல் ஸ்பானியரை அங்கிருந்து வெளியேற்றியபோது அவருக்கு விதிவிலக்குக் கிடைத்தது. அப்படியிருந்தும் வெளியேற்றப்பட்ட சகாக்களுக்காகத் தானும் புறப்பட்டுப் பிலடெல்பியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். ஓர் அரசாங்கத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்கத் தெரிந்த அந்த மனிதர், ஒரு புத்தகத்தின் பக்கத்துக்கு முன்னால் குனிந்துவிட்டார். அறிவின் அதிகாரம் ஆட்சியின் அதிகாரத்தைவிட நுட்பமானது. அது நம்மை அச்சுறுத்துவதில்லை. நம் வாயாலேயே நமக்கு எதிராகச் சொல்ல வைக்கிறது.

இதிலிருந்து 'தலைநகரத்தார் சொல்வதை நம்பாதே, உன் கண்ணையே நம்பு' என்று ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வது இலகு. அதற்கும் என் மனம் ஒப்பவில்லை. நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே நம்மில் பலர் அறிவோம். அவர் முதலில் புவியியலாளர், இலங்கையின் கனிய அளவைப் பணிக்குத் தலைவராக இருந்தவர். 1904இல் பலாங்கொடைப் பகுதியிலிருந்து கிடைத்த பாரமான கறுப்புக் கனியம் ஒன்றை அவர் யுரேனைனைற்று என்று கருதினார். லண்டனில் அதைப் பகுப்பாய்வு செய்த டன்ஸ்டன், அதில் பெரும்பகுதி தோரியம் என்று கண்டு, புதிய கனியமாக அறிவித்துத் தோரியனைற்று என்று பெயரிட்டார். இங்கே லண்டன் சொன்னதுதான் சரி, களத்தில் நின்றவர் கருதியது பிழை. (தோரியத்துக்குத் தோர் என்ற வடபுலத் தேவனின் பெயரை வைத்தவரும் அதே பெர்சிலியஸ்தான். அவருடைய தேவர்கள் பலாங்கொடைச் சரளைக் கல் வரைக்கும் வந்திருக்கிறார்கள்.) குமாரசுவாமி தன் கருத்தையே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அதை வீரம் என்றா சொல்வோம்?

ஆகவே சந்தேகப்பட்டது டெல் ரியோவின் பிழை அன்று. சந்தேகப்படாதவன் ஆய்வுகூடத்துக்குள் வரவே கூடாது. சந்தேகம் அவரை எங்கே அனுப்பியது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அது அவரைப் புத்தகத்திடம் அனுப்பியது. அடுப்பிடம் அனுப்பவில்லை. சிமாப்பான் தாது அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உலோகம் கண்டவர் ஒருவர் அதே கட்டடத்தில் இருந்தார். குரோமியத்தின் உப்பையும் தன் உப்பையும் அருகருகே வைத்து, இது நீலமாகிறதா, அது ஆகிறதா என்று பார்ப்பது முடியாத காரியமா? அவருக்குத் தெரிந்த வேதியியலுக்குள் அது அடங்காதிருந்திருக்கலாம் என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கட்டும். 'சந்தேகமாயிருக்கிறது' என்று திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாமே. பிழை என்று ஏன் மூடினார்?

அந்தப் பையனிடமும் நான் இதைத்தான் செய்தேன். கம்பியைக் கழுவு என்றது நல்ல யோசனைதான். ஆனால் நாலாம் தரமும் சிவப்பு வந்தால் என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை. என் கொப்பி அவன் சுவாலையைவிடப் பெரியது என்று மட்டும் அவனுக்கு விளங்கியது.

ஹம்போல்ட்டின் பொறுப்பு என்ன? நண்பன் நம்பிக் கொடுத்த மாதிரி ஓர் அமானிதம். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவ்வளவில் கடமை தீர்ந்ததா? தன் மனத்தாங்கலை டெல் ரியோ பின்னாளில் எழுத்திலும் வெளியிட்டார். எனக்கு அவர்மீது அனுதாபம் உண்டு, ஆனால் முழுவதும் அவர் பக்கம் சாய முடியவில்லை. உரிமை கோருவதைத் தானே நிறுத்திக்கொண்டவர், தனக்காக இன்னொருவர் அதைத் தொடர்ந்து கோரவில்லையே என்று குறைப்படுவது எவ்வளவு தூரம் நியாயம்? தன் பொருளைத் தானே கைவிட்டவன் காவற்காரனை ஏச முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். நண்பன் தடுமாறும்போது, அவனுடைய முதல் வார்த்தையை நினைவூட்டுவதும் அமானிதத்தில் ஒரு பகுதிதான்.

பெயர் விஷயம் இன்னும் சிக்கல். 1831இலேயே அமெரிக்காவில் வாழ்ந்த ஃபெதர்ஸ்டன்ஹோ என்ற புவியியலாளர், டெல் ரியோவின் நினைவாக இந்த உலோகத்தை 'ரியோனியம்' என்று அழைக்க வேண்டும் என்று பிரேரித்தார். எடுபடவில்லை. பெர்சிலியஸின் பெயர் நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், வனேடிய உலோகம் என்று பெர்சிலியஸ் நினைத்ததும் தனி உலோகம் அன்று. 1867இல் தொடங்கிய ஆய்வுகளில் மான்செஸ்டரின் ரொஸ்கோ, அது நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வைகள் என்று காட்டி, உண்மையான உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பெர்சிலியஸும் பிழைவிட்டார், அவர் பெயர் நின்றது. டெல் ரியோ சரியாகக் கண்டார், அவர் பெயர் போயிற்று. தன் கண்மேல் இருந்த நம்பிக்கையில்தான் இருவருக்கும் வித்தியாசம்.

இன்று பெயரை மாற்றினால் நீதி கிடைத்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுரங்கத்திலும் உருக்காலையிலும் வகுப்பறையிலும் கோடிக்கணக்கானோர் புழங்கிய சொல் அது. 1908இல் வந்த ஃபோர்டின் 'மொடல் டி' காரின் உருக்கிலேயே வனேடியம் இருந்தது. எரித்ரோனியம் என்று இனி அழைத்தால் யாருக்கு விளங்கும்? மெக்சிக்கோவில் அவர் பெயரில் தேசிய இரசாயனவியல் பரிசு ஒன்று வழங்கப்படுகிறது, அது நல்ல காரியம். என்னால் செய்ய முடிந்தது சிறியது. கொப்பியில் இருந்த அந்த ஒற்றை வரியின் கீழ் டெல் ரியோவின் பெயரையும் 1801ஐயும் எழுதினேன். வாசித்துக் காட்ட வகுப்புத்தான் இல்லை.

போன வருடம் ஒரு வலீமா விருந்தில் அந்தப் பையனைக் கண்டேன். பையன் என்ன, நரை விழுந்துவிட்டது. மருந்தாளராக வேலை செய்கிறான். "ஸேர்!" என்று ஓடி வந்து கையைப் பிடித்தான். ஒரே சஹனில் உட்கார்ந்தோம். வனேடியத்தின் நிறங்களை அவன் மறக்கவில்லை. மஞ்சள், பச்சை, நீலம் என்று விரல் விட்டு எண்ணினான்.

"ஏழாம் நம்பர் போத்தல் ஞாபகமிருக்கா மகன்?"

இல்லையென்று தலையசைத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லேபல், ஸ்ட்ரோன்சியம், வாயாடிப் பிள்ளை, அழிறப்பர்த் தடம், நான் மறைத்தது. "நீ கண்டதுதான் சரி. பிழை என்னுடையது" என்றேன். இத்தனை வருடம் கழித்தாவது வாயால் சொன்னேன்.

அவன் சிரித்தான். சஹனில் இருந்த நல்ல இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளி வைத்தான்.

"சீ, அப்படி இருக்காது ஸேர். நான்தான் கம்பியச் சரியாக் கழுவியிருக்கமாட்டன்."